சாலையும் பந்தியும்: ‘ஈசி ரைடர்’ (1969) திரைப்படத்தை முதன்முறை காணுதல்

ஆய்வுச் சுருக்கம்

டென்னிஸ் ஹாப்பர் இயக்கிய ‘ஈசி ரைடர்’ அமெரிக்க எதிர்ப்பண்பாட்டின் அடையாளமாகக் கருதப்படும் சாலைப்படம். இன்று இதனை முதன்முறையாகக் காண்பவர் இதன் பாடலையும் மோட்டார் சைக்கிள் படிமத்தையும் பெரும்பாலும் முன்பே அறிந்திருக்கிறார். விடுதலையைக் கொண்டாடும் படமொன்றை எதிர்பார்த்து வரும் அவர், தன் நாயகர்களையே விசாரிக்கும் படமொன்றைக் காண்கிறார். இந்த முரணுக்கான விடையைப் படத்தின் ஓட்டக் காட்சிகளைவிட நிறுத்தக் காட்சிகளில், சிறப்பாக நான்கு உணவுக் காட்சிகளில், இக்கட்டுரை தேடுகிறது. உணவு மறுக்கப்படும் காட்சிக்குப் பின்னால் கறுப்பின மக்களின் நீண்ட வரலாறு உள்ளது என்பதையும், அவ்வரலாற்றைப் படம் எடுத்தாளும் முறையில் உள்ள குறையையும் சுட்டுகிறது.

முதன்மைச் சொற்கள்: ஈசி ரைடர், எதிர்ப்பண்பாடு, சாலைப்படம், எதிர்பார்ப்பு எல்லை, விருந்தோம்பல், இனப்பாகுபாடு

முன்னுரை

1969ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த முதல் படைப்புக்கான விருதைப் பெற்ற ‘ஈசி ரைடர்’, அவ்வாண்டு ஜூலையில் அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியானது. ஹாப்பர் இயக்க, பீட்டர் ஃபோண்டா தயாரித்தார். இவர்கள் இருவருடன் டெரி சதர்னும் திரைக்கதையில் பங்குகொண்டார். ஏறத்தாழ 4 இலட்சம் டாலர் செலவில் உருவான இப்படம் பல மடங்கு வருவாய் ஈட்டியது. பெருநிறுவனங்கள் இளம் இயக்குநர்களை நம்பிப் பணம் முதலீடு செய்யத் தொடங்கிய காலத்தின் முன்னோடிகளுள் ஒன்றாகத் திரைப்பட வரலாறு இதனைக் குறிக்கிறது. 1998இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இது சேர்க்கப்பட்டது.

கதை எளியது. வயாட், பில்லி என்னும் இரு இளைஞர்கள் மெக்சிகோவில் கொக்கெய்ன் வாங்கி, லாஸ் ஏஞ்சலிசில் விற்கிறார்கள். கிடைத்த பணத்தை வயாட்டின் மோட்டார் சைக்கிள் பெட்ரோல் தொட்டிக்குள் மறைத்துக்கொண்டு, நியூ ஆர்லியன்சில் நடைபெறும் மார்டி கிரா திருவிழாவை நோக்கிப் புறப்படுகிறார்கள். வழியில் சிலர் இடம் தருகிறார்கள், சிலர் மறுக்கிறார்கள். இடையில் உடன்சேர்ந்த வழக்கறிஞன் ஜார்ஜ் ஹான்சன் கொல்லப்படுகிறான். திருவிழா முடிந்தபின் இருவரும் சாலையில் சுட்டு வீழ்த்தப்படுகிறார்கள்.

இவ்வளவு துயரமான கதை எவ்வாறு விடுதலையின் சின்னமாக நிலைபெற்றது என்பது முதன்முறை காண்பவருக்கு எழும் இயல்பான வினா. அவ்வினாவே இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளியாகும்.

எதிர்பார்ப்பும் படமும்

ஒரு படைப்பை வாசகர் வெறுமையான மனத்துடன் அணுகுவதில்லை. முன்பு அறிந்த படைப்புகளும் வகைமைகளும் வகுத்துத் தந்த எதிர்பார்ப்பு எல்லைக்குள் நின்றே அணுகுகிறார் என்பது ஹான்ஸ் ராபர்ட் யாவ்ஸ் முன்வைத்த ஏற்புக் கோட்பாட்டின் அடிப்படை. 1967இல் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் நிகழ்த்திய உரை இலக்கிய வரலாற்றை முன்னிறுத்தியது எனினும், அக்கருத்து திரைப்படத்துக்கும் பொருந்தும்.

1969ஆம் ஆண்டின் பார்வையாளருக்கு எல்லையை வகுத்தவை மோட்டார் சைக்கிள் குழுக்களைப் பற்றிய மலிவான வன்முறைப் படங்கள். ரோஜர் கோர்மன் இயக்கிய ‘தி வைல்ட் ஏஞ்சல்ஸ்’ (1966) அவ்வகையில் பெயர்பெற்றது. அதன் நாயகனும் பீட்டர் ஃபோண்டாவே. அடிதடியையும் வேகத்தையும் எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இப்படம் அடிபடுபவர்களைக் காட்டியது. நாயகர்கள் இருவரும் படம் முழுவதிலும் எவரையும் தாக்கித் தொடங்குவதில்லை.

இன்றைய பார்வையாளரின் எல்லை வேறு. ஸ்டெப்பன்வுல்ஃப் குழுவின் ‘பார்ன் டு பி வைல்ட்’ பாடல் விளம்பரங்களிலும் பிற படங்களிலும் பலமுறை ஒலித்துவிட்டது. அமெரிக்கக் கொடி வரையப்பட்ட தொட்டியும் நீண்டு சாய்ந்த முன்சக்கரமும் கொண்ட வண்டி சுவரொட்டிகள் வழியே உலகெங்கும் சென்றுவிட்டது. படத்தைக் காணுமுன்பே அதன் நினைவு அவரிடம் வந்து சேர்ந்துவிடுகிறது. ஆனால் அந்நினைவு படத்தின் தொடக்கத்தில் வரும் சில நிமிடங்களிலிருந்து மட்டும் எடுக்கப்பட்டது. எஞ்சிய ஒன்றரை மணிநேரம் அவருக்குப் புதியது. அப்புதிய பகுதியில்தான் படத்தின் சிந்தனை அமைந்துள்ளது.

ஓட்டம்: சொல்லற்ற பகுதி

படத்தின் கட்டமைப்பில் தெளிவான ஒரு பங்கீடு உண்டு. வண்டிகள் ஓடும்போது பாத்திரங்கள் பேசுவதில்லை; பாடல்கள் ஒலிக்கின்றன. வண்டிகள் நின்றபின்தான் உரையாடல் தொடங்குகிறது. தனியே இசையமைக்காமல் அக்காலத்தில் வெளிவந்திருந்த பாடல்களைப் பெரிதும் பயன்படுத்திய முறை இப்பங்கீட்டை மேலும் உறுதிப்படுத்துகிறது.

ஒளிப்பதிவாளர் லாஸ்லோ கோவாக்ஸ் 1956ஆம் ஆண்டு ஹங்கேரிய எழுச்சி ஒடுக்கப்பட்டபின் நாட்டைவிட்டு வெளியேறி அமெரிக்கா வந்தவர். தென்மேற்கு மாநிலங்களின் பாறைவெளிகளையும் சாயுங்கால ஒளியையும் அவர் படமாக்கிய விதம் காண்பவரை ஈர்க்கிறது. கதிரவன் ஒளி ஒளிவில்லையில் பட்டுச் சிதறுவதை அக்கால ஸ்டுடியோ மரபு பிழையெனத் தள்ளிவந்தது. இப்படம் அதை அப்படியே வைத்துக்கொண்டது. நிலம் அகன்றது, எவருக்கும் உரியதாகாதது என்னும் உணர்வை இக்காட்சிகள் தருகின்றன. அவ்வுணர்வு உண்மையா என்பதை ஓட்டம் சோதிப்பதில்லை. அது நிறுத்தத்தின் பணி.

முதல் நிறுத்தமே அதைச் சோதித்துவிடுகிறது. முதல் நாள் இரவு சாலையோர விடுதியொன்றின்முன் வண்டிகளை நிறுத்துகிறார்கள். கதவைத் திறந்து பார்த்த உரிமையாளர் ஒரு சொல்லும் பேசாமல் உள்ளே திரும்புகிறார். அறை காலியில்லை எனக் காட்டும் விளக்கு எரிகிறது. புகழ்பெற்ற அந்தப் பாடல் ஒலித்து முடிந்து சில நிமிடங்களே ஆகியுள்ளன. அன்றிரவு அவர்கள் திறந்தவெளியில் தீமூட்டிப் படுக்கிறார்கள். திறந்தவெளியில் உறங்குவது அவர்களின் விருப்பம் என்று சுவரொட்டிகள் சொல்கின்றன. கதவு மூடப்பட்டதால் நேர்ந்தது என்று படம் சொல்கிறது.

நான்கு பந்திகள்

முதல் பந்தி ஒரு பண்ணையாளருடையது. வயாட்டின் வண்டிச் சக்கரம் பழுதாகிறது. பண்ணையில் அதைச் சரிசெய்யும்போது, அருகே பண்ணையாளர் குதிரைக்கு இலாடம் அடித்துக்கொண்டிருக்கிறார். இரு வேலைகளும் ஒரே சட்டகத்துக்குள் காட்டப்படுகின்றன. பழைய மேற்கத்தியப் படங்களின் குதிரையும் புதிய காலத்தின் மோட்டார் சைக்கிளும் உறவுடையவை என்பதை இக்காட்சி அமைதியாக உணர்த்துகிறது. வயாட், பில்லி என்னும் பெயர்கள் வயாட் ஏர்ப்பையும் பில்லி த கிட்டையும் நினைவூட்டுவதும் இதனோடு இணைத்துக் காணத்தக்கது. பின்னர், பண்ணையாளரின் மெக்சிகோ வழிவந்த கத்தோலிக்க மனைவி, நிறைந்த பிள்ளைகள் ஆகியோருடன் நீண்ட மேசையில் அமர்ந்து உண்கிறார்கள். மண்ணை நம்பி வாழ்வது எல்லாராலும் இயல்வதன்று எனக் கூறி வயாட் அவரை மனமாரப் பாராட்டுகிறான். இங்கு யார் எவர் என்னும் விசாரணை இல்லை. உணவுக்கு விலையும் இல்லை.

இரண்டாம் பந்தி கூட்டுவாழ்வுக் குடியிருப்பில் நிகழ்கிறது. வழியில் வண்டியில் ஏறிக்கொண்ட அந்நியன் ஒருவன் அவர்களை அங்கு அழைத்துச் செல்கிறான். நகர இளைஞர்கள் வறண்ட மணலில் விதை தூவிக்கொண்டிருக்கிறார்கள். இது விளையப்போவதில்லை என்கிறான் பில்லி. இவர்கள் நிலைத்துவிடுவார்கள் என்கிறான் வயாட். உணவுக்குமுன் அனைவரும் வட்டமாக நின்று இறைவேண்டல் செய்யும்போது கேமரா ஒவ்வொரு முகமாகக் காட்டிக்கொண்டு முழுவட்டமாகச் சுழல்கிறது. வேகமான வெட்டுகளைக் கொண்ட படத்தில் இந்த நிதானம் தனித்துத் தெரிகிறது. தமக்கே போதாத உணவை இவர்கள் வந்தவருடன் பகிர்கிறார்கள். முதல் பந்தி வளத்திலிருந்து தந்தது. இது வறுமையிலிருந்து தருவது.

மூன்றாம் பந்தி லூசியானாவின் சிற்றுணவகம் ஒன்றில் மறுக்கப்படுகிறது. மூவரும் அமர்கிறார்கள். உள்ளூர் இளம்பெண்கள் ஆர்வத்துடன் பார்க்கிறார்கள். ஆண்கள் அவர்களின் நீண்ட முடியையும் ஆண்மையையும் இழிவுபடுத்திக் கேட்கும்படி பேசுகிறார்கள். பரிமாற எவரும் வரவில்லை. உண்ணாமலே எழுந்து வெளியேறுகிறார்கள். இக்காட்சியில் தோன்றுவோர் தொழில்முறை நடிகர்கள் அல்லர். மார்கன்சா என்னும் ஊரைச் சேர்ந்த மக்கள். காட்சியின் அச்சத்துக்கு இதுவும் ஒரு காரணம். அன்றிரவு தீயருகே ஜார்ஜ் தன் விளக்கத்தைச் சொல்கிறான். ஊரார் அஞ்சுவது இவர்களை அன்று. இவர்கள் எதன் வடிவாகத் தெரிகிறார்களோ அந்த விடுதலையை. விடுதலையைப் பற்றிப் பேசுவது வேறு, விடுதலையோடு இருப்பது வேறு. சந்தையில் வாங்கி விற்கப்படும் மனிதன் விடுதலையோடு இருப்பது கடினம் என்கிறான். சில மணிநேரத்தில் உறக்கத்திலேயே அடித்துக் கொல்லப்படுகிறான். மூவருள் அந்நிலத்துக்கு மிக நெருக்கமானவன் அவனே. உள்ளூர்ச் சட்டமும் பேச்சும் அறிந்தவன். அவனுக்கும் அந்த நெருக்கம் காவலாகவில்லை.

நான்காம் பந்தி விலைக்கு வாங்கப்படுகிறது. நியூ ஆர்லியன்சின் உயர்தர உணவகம் ஒன்றில் வயாட்டும் பில்லியும் மதுவுடன் உண்கிறார்கள். ஜார்ஜ் சொல்லியிருந்த விலைமகளிர் இல்லத்துக்குப் போகவேண்டும், அவன் அதையே விரும்பியிருப்பான் என்று பில்லி வற்புறுத்துகிறான். பின்னணியில் ‘கீரியே எலெய்சன்’ என்னும் வழிபாட்டுப் பாடல் ஒலிக்கிறது. இந்தப் பந்தியில் மறுப்பு இல்லை, விருந்தோம்பலும் இல்லை. பணம் இருந்தால் போதும்.

இந்நான்கையும் வரிசையாக வைத்தால் ஓர் இறங்குமுகம் தெளிவாகிறது: வளத்தில் தரப்பட்டது, வறுமையில் பகிரப்பட்டது, வெறுப்பில் மறுக்கப்பட்டது, விலைக்கு வாங்கப்பட்டது. முதல் இரு இடங்களிலும் அவர்கள் தங்கியிருக்கலாம். வயாட் அவ்விடங்களை மெய்யாகவே மதிக்கிறான், எனினும் கிளம்பிவிடுகிறான்.

கடிகாரமும் தொட்டியும்

அவன் ஏன் கிளம்புகிறான் என்பதற்கான விடை பயணத்தின் தொடக்கத்திலேயே உள்ளது. புறப்படுமுன் வயாட் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி நிலத்தில் எறிகிறான். காலத்தின் கட்டிலிருந்து விடுபடும் செயலாக இது பெரிதும் பேசப்படுகிறது. ஆனால் அவர்கள் செல்லும் இடம் நாட்காட்டிக்குக் கட்டுப்பட்டது. மார்டி கிரா கிறித்தவத் தவக்காலத்துக்கு முந்தைய நாள் நிகழ்வது. அந்த நாளுக்குள் போய்ச் சேரவேண்டும். கூட்டுவாழ்வுக் குடியிருப்பில், காலம் குறைவு என அந்த அந்நியன் குறிப்பாக உணர்த்தும்போது, அது தனக்கும் தெரியும், ஆயினும் போகவேண்டும் என்றே வயாட் விடைபகர்கிறான். கடிகாரத்தை எறிந்தவனால் தேதியை எறிய முடியவில்லை.

பணமும் இவ்வாறே. வழியில் அந்த அந்நியன் பெட்ரோல் நிரப்பத் தொட்டியைத் திறக்கும்போது பில்லி பதறுகிறான். தங்கள் கனவெல்லாம் அத்தொட்டிக்குள் இருக்கிறது என்கிறான். வண்டியை ஓடச்செய்யும் எரிபொருளும் வண்டி ஓடுவதற்கான நோக்கமும் ஒரே கலத்தில் உள்ளன. கலத்தின்மேல் நாட்டின் கொடி. தலைப்பின் பொருளும் இதனோடு சேர்கிறது. ‘ஈசி ரைடர்’ என்பது தென்மாநில வழக்கில் பாலியல் தொழில்புரியும் பெண்ணின் வருவாயில் வாழும் துணைவனைக் குறிக்கும் என்றும், அமெரிக்காவில் விடுதலைக்கே அந்நிலை நேர்ந்துவிட்டது என்றும் ஃபோண்டா பேட்டியொன்றில் விளக்கியுள்ளார். வாங்கி விற்கப்படும் மனிதனைப் பற்றிய ஜார்ஜின் பேச்சு ஊராரை நோக்கியது மட்டுமன்று. அதைக் கேட்டுக்கொண்டிருந்த இருவரையும் நோக்கியது.

அந்த அந்நியன் எல்.எஸ்.டி.யை வயாட்டிடம் தந்து, தகுந்த இடத்தில் தகுந்தவரோடு பகிர்ந்துகொள்ளச் சொல்கிறான். அவர்கள் அதைப் பகிர்வது கல்லறைத் தோட்டத்தில், விலைகொடுத்து அழைத்துவந்த இரு பெண்களோடு. அக்காட்சியில் எழும் அழுகையும் அச்சமும் திருவிழாவின் கொண்டாட்டத்தை முற்றிலும் துடைத்துவிடுகின்றன.

இத்தனையும் கண்டபின்புதான் இறுதித் தீயருகே நிகழும் உரையாடல் பொருள்படுகிறது. நாம் பணக்காரர் ஆகிவிட்டோம், ஃபுளோரிடாவில் ஓய்வாக வாழலாம் என மகிழ்கிறான் பில்லி. இல்லை, எல்லாவற்றையும் பாழாக்கிவிட்டோம் என்கிறான் வயாட். பில்லிக்கு அது விளங்கவில்லை. படமும் விளக்கம் தருவதில்லை. பந்திகளின் வரிசையைக் கவனித்தவருக்கு விளக்கம் தேவைப்படாது: விடுதலை என்று அவர்கள் தேடிச் சென்றது வழியில் இருமுறை இலவசமாகக் கிடைத்தது, அதை விட்டுவிட்டு, வாங்கக்கூடியதை நோக்கிச் சென்றார்கள்.

முதன்முறை காண்பவர் கவனிக்காமல் கடக்கும் ஒரு துண்டுக் காட்சியும் இங்கே குறிப்பிடத்தக்கது. விலைமகளிர் இல்லத்தில் வயாட் நிற்கும்போது, சாலையோரம் ஏதோ எரியும் வான்வழிக் காட்சி நொடிப்பொழுது தோன்றி மறைகிறது. அது இறுதியில் எரியப்போகும் அவனது வண்டி. முதல் காட்சியில் அது புரியாத இடையூறாகவே நிற்கும். முடிவை அறிந்தவருக்கே அது முன்னறிவிப்பு. அழிவு வெளியிலிருந்து திடீரென வந்ததன்று, விலைக்கு வாங்கிய இன்பத்தின் நடுவிலேயே அது தொடங்கிவிட்டது என்று படத்தொகுப்பு சொல்கிறது.

நிற்காத இடங்கள்

இவ்வாதத்துக்கு ஒரு மறுப்பு எழலாம். கொலைகாரர்கள் தென்மாநிலத்து வெள்ளையர்கள். கொல்லப்படுவோர் குற்றமற்ற இளைஞர்கள். ஆகவே படம் தன் நாயகர்களைத் தியாகிகளாக்கித் தன்னிரக்கம் கொள்கிறது என்பதே அது. இம்மறுப்பில் ஒரு பகுதி உண்மை. அதைக் காண மூன்றாம் பந்திக்குத் திரும்பவேண்டும்.

அமெரிக்கச் சாலையோர உணவகத்தில் அமர்ந்தும் உணவு மறுக்கப்படுவது என்பது 1960களின் பார்வையாளருக்கு அறிமுகமான காட்சி. 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் வூல்வொர்த் கடையின் உணவு மேடையில் நான்கு கறுப்பின மாணவர்கள் அமர்ந்தனர். பரிமாற மறுத்தபோதும் எழவில்லை. அப்போராட்டம் தென்மாநிலங்கள் எங்கும் பரவியது. விடுதிகளிலும் உணவகங்களிலும் இனப்பாகுபாட்டை 1964ஆம் ஆண்டின் குடியுரிமைகள் சட்டம் தடைசெய்தது. அதற்கு முன்பே, 1936 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், நியூயார்க்கின் அஞ்சல்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் தொடங்கிய வழிகாட்டி நூல் கறுப்பினப் பயணிகளுக்கு எந்த ஊரில் எந்த வாசல் திறக்கும் என்பதைப் பட்டியலிட்டு வந்தது. திறந்த சாலை என்னும் அமெரிக்கக் கனவு தொடக்கத்திலிருந்தே எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை என்பதற்கு அந்நூலே சான்று.

இந்த வரலாற்றைச் சார்ந்தே உணவகக் காட்சி தன் வலிமையைப் பெறுகிறது. ஆனால் படத்தில் கறுப்பின மக்கள் எங்கே இருக்கிறார்கள்? லூசியானாவுக்குள் நுழையும்போது ஜிமி ஹெண்ட்ரிக்சின் குரல் ஒலிக்க, சாலையோரக் குடிசைகளும் அங்கு நிற்கும் கறுப்பின மக்களும் ஓடும் வண்டியிலிருந்து காட்டப்படுகிறார்கள். வண்டி நிற்பதில்லை. நிறுத்தத்தில்தான் பேச்சு என்னும் படத்தின் சொந்த இலக்கணத்தின்படி, நிற்காத இடத்தில் இருப்பவர்களுக்குப் பேச்சும் இல்லை. முதன்மைப் பாத்திரங்களுள் ஒருவரும் கறுப்பினத்தவர் அல்லர்.

திரைக்கு வெளியேயும் இதே நிலை தொடர்ந்தது. உலகம் அறிந்த அந்த மோட்டார் சைக்கிள்களை உருவாக்கியதில் பங்குகொண்டவர்கள் பென் ஹார்டி, கிளிஃப் வாஸ் என்னும் இரு கறுப்பினத்தவர். கிளிஃப் வாஸ் குடியுரிமைப் போராட்டத்திலும் ஈடுபட்டவர். படத்தின் பெயர்ப்பட்டியலில் இவர்களின் பெயர்கள் இல்லை. நெடுங்காலம் இவர்களின் பங்கு பொதுவெளியில் பேசப்படவும் இல்லை. விடுதலையின் சின்னமாக நின்ற பொருளைச் செய்தவர்களே அச்சின்னத்தின் கதையிலிருந்து விடுபட்டனர்.

பெண்களின் நிலையும் எண்ணத்தக்கது. பண்ணையாளரின் மனைவி உணவிடுபவர். குடியிருப்புப் பெண்கள் துணையாகிறவர்கள். நியூ ஆர்லியன்சில் வரும் இருவர் விலைக்கு வருபவர்கள். சாலையில் தாமே புறப்படும் பெண் ஒருத்தியையும் படம் எண்ணிப் பார்க்கவில்லை. தலைப்பின் உருவகமே ஒரு பெண்ணின் உழைப்பில் வாழ்பவனைக் கண்டிக்கிறது. ஆயினும் அப்பெண்ணின் பக்கமிருந்து எதையும் கேட்பதில்லை.

எனவே படத்தின் தன்விசாரணை உண்மையானது, ஆனால் முழுமையானதன்று. தன் நாயகர்கள் எதை விற்றார்கள் என்பதை அது கேட்கிறது. அவர்கள் யாரைக் கடந்து சென்றார்கள் என்பதைக் காட்டுகிறது, கேட்கவில்லை.

முடிவுரை

இறுதிக் காட்சியில் பில்லி சுடப்பட்டு விழுந்ததும், வயாட் முதுகில் கொடி தைத்த தன் மேலாடையைக் கழற்றி அவன்மேல் போர்த்துகிறான். உதவி தேடிப் புறப்பட்டவனும் சுடப்படுகிறான். வண்டி வெடித்து எரிகிறது. கொடி வரைந்த தொட்டியும் அதனுள் இருந்த பணமும் அந்நெருப்பில் போகின்றன. கேமரா வானில் மேலேற, சாலையும் அருகே ஓடும் ஆறும் எரியும் புள்ளியும் மட்டும் தெரிகின்றன. மேற்கிலிருந்து கிழக்காக, அமெரிக்கக் குடியேற்ற வரலாற்றின் திசைக்கு எதிராக நடந்த பயணம் அங்கே முடிகிறது.

‘ஈசி ரைடர்’ படத்தை முதன்முறை காண்பவர் தாம் முன்பே அறிந்த படிமத்தைப் படத்துக்குள் தேடிக் கண்டடைகிறார். ஆனால் அது படத்தின் வாதத்தில் ஒரு சிறு பகுதி மட்டுமே. சாலை விடுதலை தரும் என்பது அதன் தொடக்கக் கூற்று. பந்திகளின் வரிசை அக்கூற்றை மெல்லத் திருத்துகிறது: ஒருவர் விடுதலையோடு இருக்கிறாரா என்பது அவர் எவ்வளவு தொலைவு செல்கிறார் என்பதில் இல்லை, எந்த வாசலில் அவருக்கு இடம் கிடைக்கிறது, கிடைத்த இடத்தை அவர் என்ன செய்கிறார் என்பதில் உள்ளது. அத்திருத்தத்தைப் படம் தன் நாயகர்களுக்குச் செய்தது. சாலையோரக் குடிசைகளின்முன் நின்றவர்களுக்கும் அதே வினாவைப் பொருத்திப் பார்க்கும் பணி படத்தைக் காண்பவரிடம் விடப்பட்டுள்ளது. இத்தகைய வாசிப்பு, வழிபாட்டுக்குரிய சின்னங்களாகிவிட்ட பிற எதிர்ப்பண்பாட்டுப் படங்களுக்கும் விரிக்கப்படத் தக்கது.